கோர்டோபாவில் முப்பது யூரோ

ஐரோப்பாவில் சிக்கனமாகப் பிரயாணம் செய்ய நினைக்கிறவனுக்கு ஸ்பெயின் தேசம் ஒரு வரப்பிரசாதம் என்று எனக்கு முன்னால் போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வரப்பிரசாதம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். லண்டனிலும் பாரிஸிலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் அங்கே இரண்டு வேளை சாப்பிடலாம், அவ்வளவுதான். ஆனால் கோர்டோபா நகரத்தைப் பொறுத்த வரையில் அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. அந்த ஊரில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதிக்கு மேல் தெருவிலேயே இருக்கிறது. மீதியில் எது தலைசிறந்ததோ, அதையும் காலையில் சீக்கிரம் கிளம்பக்கூடியவன் சல்லிக் காசு இல்லாமல் பார்த்துவிடலாம்.

மாட்ரிட்டிலிருந்து தெற்கே போகும் அதிவேக ரயில் 1992-ல் ஓடத் தொடங்கியது. அதில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கோர்டோபா வந்துவிடும். பஸ்ஸில் போனால் ஐந்து மணி நேரம் ஆகும், கட்டணம் குறைவு. நான் பஸ்ஸில் போனேன். வழியில் மலைத் தொடர் ஒன்றைத் தாண்டியதும் ஆலிவ் மரங்கள் ஆரம்பமாகின்றன. சீப்பால் வாரி விட்டது போல் வரிசை வரிசையாக, குன்றுக்குக் குன்று, பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துத் தூங்கிப்போய், விழித்துப் பார்த்தாலும் அதே ஆலிவ் மரங்கள்தாம்.

முதுகில் பையைச் சுமந்து வரும் பிரயாணிகளுக்கென்றே அங்கே விடுதிகள் இருக்கின்றன. ஓர் அறையில் எட்டுப் பேர்; கட்டிலுக்கு மேல் கட்டில். எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த வாலிபனுக்கு என் வயதில் பாதிகூட இராது. ஒரு படுக்கைக்கு ஓர் இரவு வாடகை முப்பது யூரோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தத் தொகையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதனோடு நமக்கு வேலை இருக்கிறது.

ஊரைப் பார்க்க நல்ல இடம் பாலம். அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. கோர்டோபா வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அங்கே 46.9 டிகிரி பதிவாயிற்று. கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தெருவில் நடமாடுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஊரார் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பார்கள். அந்த வீடுகளின் அழகெல்லாம் நடுமுற்றத்தில் இருப்பதற்கும் அந்த வெயில்தான் காரணம். மே மாதத்தில் முற்றங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். 1921-ல் தொடங்கிய வழக்கம் இது. அப்போது யார் வீட்டுக்குள்ளும் போய்ப் பூந்தொட்டிகளைப் பார்த்துவிட்டு வரலாம். காசு கேட்கமாட்டார்கள்.

பாலத்துக்கு வருவோம். கீழே ஓடுவது குவாதல்கிவீர் நதி. அரபியர் இட்ட பெயர் 'வாதி அல் கபீர்', அதாவது பெரிய ஆறு. ஸ்பானியர் வாயில் அது உருண்டு திரண்டு இப்படி ஆகிவிட்டது. பாலத்தை முதலில் கட்டியவர்கள் ரோமானியர். பிற்காலத்தவர்கள் இடித்தும் கட்டியும், இன்று ரோமானியக் கல் அதில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது சந்தேகந்தான். ஆனாலும் 1953-ல் இன்னொரு பாலம் திறக்கும் வரையில், சுமார் இரண்டாயிரம் வருஷமாக, இந்த ஊருக்கு இருந்த ஒரே பாலம் இதுவே. இப்போது வண்டி எதுவும் அதில் போவதில்லை. நடுவில் ரஃபேல் தேவதூதனுக்கு ஒரு சிலை, 1651-ல் வைத்தது. அதன் காலடியில் யாரோ ஏற்றிய மெழுகுவத்திகள் சிவப்புக் கிண்ணங்களில் எரிந்துகொண்டிருந்தன.

ரோமானிய ராஜ்யத்தில் இது ஒரு மாகாணத்தின் தலைநகர். தத்துவ ஞானி செனெக்கா பிறந்த ஊர். நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கோயில் ஒன்றின் தூண்கள் தெருவோரமாக நிற்கின்றன. ஆனால் கோர்டோபாவின் பெருமைக்குக் காரணம் ரோமானியர் அல்லர். ஊரை விட்டு ஓடி வந்த ஒரு வாலிபன்.

கி.பி. 750-ல் டமாஸ்கஸில் ஆண்டுகொண்டிருந்த உமையா வம்சத்தை அப்பாஸியர் கவிழ்த்தார்கள். கவிழ்த்ததோடு நிற்கவில்லை, வம்சத்தில் ஆண் பிள்ளை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று தேடித் தேடிக் கொன்றார்கள். தப்பியவர்களில் ஒருவன் அப்துல் ரஹ்மான். அப்போது அவனுக்கு இருபது வயது இருக்கலாம். குதிரை வீரர்கள் துரத்தி வர, அவனும் அவன் தம்பியும் யூப்ரட்டீஸ் நதியில் குதித்தார்கள். கரையிலிருந்த வீரர்கள், "திரும்பி வாருங்கள், உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யமாட்டோம்" என்று கூவினார்கள். நீந்திக் களைத்த தம்பி அதை நம்பித் திரும்பினான். அண்ணன் அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தம்பியின் தலை உருண்டுகொண்டிருந்தது. இப்படி அரபு சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஐந்து வருஷம் அவன் வட ஆப்பிரிக்கா முழுவதும் ஒளிந்து திரிந்தான். தாய் பெர்பர் இனத்தவள்; அவள் உறவினர் ஆதரித்தார்கள். 755-ல் கடலைத் தாண்டி ஸ்பெயினில் இறங்கினான். 756-ல் கோர்டோபாவைப் பிடித்து அரசனானான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டான். கருணை வடிவானவன் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. எதிர்த்தவர்களை ஈவு இரக்கமின்றி ஒழித்தான். ஆனால் அவனுக்குள்ளே ஒரு நோவு கடைசி வரை இருந்திருக்கிறது. ஊருக்கு வெளியே தன் பாட்டனாரின் சிரியா தேசத்துத் தோட்டத்தின் பெயரையே வைத்து ஒரு தோட்டம் அமைத்தான். அங்கே வளர்ந்த ஒரு பேரீச்ச மரத்தைப் பார்த்து, தன்னைப் போலவே அதுவும் சொந்த மண்ணை விட்டு மேற்கே வந்து சேர்ந்ததை நினைத்துக் கவிதை பாடினான். அந்தக் கவிதை இன்றும் இருக்கிறது.

785-ல் அவன் கட்டத் தொடங்கியதுதான் கோர்டோபாவின் பெரிய மசூதி. அந்த இடத்தில் முன்பு ஒரு கிறிஸ்தவ தேவாலயம் இருந்ததென்றும், முதலில் இரு மதத்தாரும் அதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து தொழுதார்களென்றும், பிறகு அரசன் மறு பாதியையும் விலை கொடுத்து வாங்கினானென்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. பூமியைத் தோண்டிப் பார்க்கிற இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒருமனப்படவில்லை. அந்தச் சண்டை வெறும் புதைபொருள் சண்டை அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

மசூதிக்குள் நுழையக் கட்டணம் பத்து யூரோவுக்கு மேல். ஆனால் நான் போயிருந்தபோது, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை மணிக்கு ஒரு கதவைத் திறந்து சுமார் ஒரு மணி நேரம் இலவசமாக விட்டார்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு வரும் வழிகாட்டிகளுக்கு அந்த நேரத்தில் அனுமதி கிடையாது. ஆகவே காசு கொடுத்துப் பத்து மணிக்கு வருகிறவனுக்குக் கிடைக்காத ஒரு வஸ்து, நிசப்தம், காசில்லாதவனுக்குக் கிடைத்தது. ஒன்பதரைக்குள் காவலர்கள் வந்து, மரியாதையாகவே, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முதலில் முற்றம். அங்கே எந்த நேரமும் போகலாம். முற்றம் நிறைய நாரத்தை மரங்கள். கமலா என்று நினைத்துப் பழத்தைக் கடித்தால் கசக்கும், நாரத்தைதான். ஸ்பானிய மொழியில் அதற்கு 'நாரஞ்ஜா' என்ற பெயர் அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்குச் சம்ஸ்கிருத 'நாரங்க'த்திலிருந்தும் வந்தது. சம்ஸ்கிருதத்துக்கு அது திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது பல மொழி அறிஞர்களின் கருத்து. நம்முடைய சொல் நமக்கு முன்னாலேயே அங்கே போய் வேர் விட்டு நிற்கிறதே என்று எனக்கு ஒரு சிறு கர்வம் உண்டாயிற்று.

ஆதியில் முற்றத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் சுவர் கிடையாது. வெளியே மரங்களின் வரிசை, உள்ளே தூண்களின் வரிசை. ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. பிற்காலத்தில் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டார்கள். அதனால் உள்ளே காலெடுத்து வைத்தவுடன் இருட்டாக இருக்கிறது. கண் பழகப் பழக ஒவ்வொரு தூணாக வெளியே வருகிறது. பத்து, இருபது, நூறு. எண்ணி முடியாது. எண்ணியவர்கள் 850-க்கு மேல் என்கிறார்கள். எல்லாத் தூண்களுக்கும் மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட வளைவுகள். அவற்றுக்கு மேலே மறுபடியும் வளைவுகள்.

இந்த இரட்டை வளைவைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் பிறப்போ சிக்கனத்தில்! முதல் மசூதிக்கு வேண்டிய தூண்களை அப்துல் ரஹ்மானின் சிற்பிகள் புதிதாகச் செதுக்கவில்லை. இடிந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் பழைய தேவாலயங்களிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம்; ஒன்றுக்கு அடிப்பீடம் உண்டு, மற்றொன்று தரைக்குள் புதைந்திருக்கும். எல்லாம் குட்டை. இவ்வளவு பெரிய கூடத்துக்குக் கூரை அவ்வளவு தாழ்வாக இருந்தால் மூச்சு முட்டும். ஆகவே தூணின் தலைமேல் ஒரு கல் கம்பத்தை ஏற்றினார்கள். கம்பங்கள் சாயாமல் இருக்கக் கீழே லாட வடிவில் ஒரு வளைவு கொடுத்துப் பிணைத்தார்கள். மேலே அரை வட்ட வளைவு ஒன்று கொடுத்துக் கூரையைத் தாங்கச் செய்தார்கள். ஒரு கல், அடுத்துச் செங்கல் என்று மாற்றி மாற்றி வைத்ததால் அந்தக் கோடுகள் வந்தன. கையில் இருந்த பழைய சாமான்களை வைத்துக்கொண்டு உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

பின்னால் வந்த அரசர்கள் மசூதியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். 929-ல் மூன்றாம் அப்துல் ரஹ்மான் தன்னைக் கலீஃபா என்றே பிரகடனம் செய்துகொண்டான். அவன் மகன் இரண்டாம் ஹக்கம் பெரிய புத்தகப் பித்தன். அவன் நூல்நிலையத்தில் 4 லட்சம் புத்தகம் இருந்ததென்றும், பெயர்ப் பட்டியல் மட்டும் 44 ஏடு வந்ததென்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு எண்களில் தாராள மனசு. பாதியைத் தள்ளிவிட்டாலும், அதே நூற்றாண்டில் வட ஐரோப்பாவின் மடங்களில் சில நூறு புத்தகம் இருந்தாலே பெருமை. மசூதியின் தெற்குக் கோடியில் தொழுகை மாடத்தை அமைத்தவன் இவன்தான். அதில் பதித்த பொன் நிறக் கண்ணாடிச் சில்லுகள் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிறிஸ்தவச் சக்கரவர்த்தி அனுப்பியவை. வேலைக்குக் கைதேர்ந்த ஆளையும் அவரே அனுப்பினார்.

கடைசியாகப் பெரிதாக்கியவன் மன்சூர். கலீஃபா பெயருக்கு இருக்க, ஆட்சி நடத்திய மந்திரி. மதவாதிகளைத் திருப்திப்படுத்த ஹக்கமின் நூல்நிலையத்திலிருந்து தத்துவப் புத்தகங்களைப் பொறுக்கி நெருப்பில் போட்டவன். 987-ல் மசூதியைக் கிழக்கே அகலமாக்கினான். தெற்கே நதி இருந்ததால் வேறு வழியில்லை. அதனால் தொழுகை மாடம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அவன் கட்டிய பகுதிக்குப் போய் வளைவுகளை உற்றுப் பாருங்கள். அங்கே செங்கல் இல்லை, எல்லாம் கல்லே, சிவப்புக் கோடு வெறும் சாயம். ஓடி வந்தவனின் சிக்கனம் ஒரு மாதிரி, சர்வாதிகாரியின் சிக்கனம் ஒரு மாதிரி!

ஆனாலும் மன்சூரைப் பற்றி ஒரு கதை உண்டு. விஸ்தரிப்புக்காகப் பக்கத்து வீடுகளை வாங்கியபோது உரியவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தானாம். ஒரு கிழவி மட்டும், தன் வீட்டு முற்றத்தில் பேரீச்ச மரம் இருப்பதால், அதைப் போலவே மரமுள்ள வீடு கிடைத்தாலொழிய அசையமாட்டேன் என்றாள். எவ்வளவு செலவானாலும் அப்படி ஒரு வீட்டை வாங்கிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டானாம். கதை நிஜமோ பொய்யோ, அதைச் சொன்ன அரபு ஆசிரியர்கள் ஒரு மசூதியை நியாயமாகக் கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதே மன்சூர் 997-ல் வடக்கே படையெடுத்துப் போய், கிறிஸ்தவர்களின் பெரிய க்ஷேத்திரமான சான்டியாகோ நகரைச் சூறையாடினான். தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்டோபா வரை சுமக்க வைத்தான். மணிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மசூதிக்கு விளக்காக்கினார்கள். 239 வருஷம் கழித்து, 1236-ல், மூன்றாம் பெர்னாண்டோ என்ற கிறிஸ்தவ அரசன் கோர்டோபாவைப் பிடித்தான். மணிகள் ஞாபகம் இருந்தன. இந்தத் தடவை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏறி அவை சான்டியாகோவுக்குத் திரும்பின.

மசூதி தேவாலயமாயிற்று. புனித நீர் தெளித்தார்கள், பீடம் வைத்தார்கள், கட்டடத்தை இடிக்கவில்லை. அங்கங்கே சிறு சிறு சந்நிதிகளை ஏற்படுத்திக்கொண்டு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே வழிபட்டார்கள். ராஜ குடும்பத்தாருக்கென்று 1371-ல் கட்டி முடித்த சந்நிதியைக்கூட முஸ்லிம் பாணியிலேயே சுதை வேலை செய்து அலங்கரித்தார்கள். ஜெயித்தவர்களுக்கும் அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு மயக்கம் இருந்திருக்கிறது.

1523-ல்தான் விபரீதம் வந்தது. அலோன்ஸோ மன்ரீக்கே என்ற பிஷப், மசூதியின் நட்ட நடுவில் தூண்களை எடுத்துவிட்டு ஒரு முழுத் தேவாலயம் எழுப்பத் தீர்மானித்தார். ஊரார் எதிர்த்தார்கள். யார்? முஸ்லிம்கள் அல்லர், கிறிஸ்தவர்களான நகர மன்றத்தார். இடிக்கிற வேலையில் எந்தக் கொத்தனாவது தச்சனாவது கை வைத்தால் மரண தண்டனை என்று தமுக்கடித்து அறிவித்தார்கள். ஒரு தடவை இடித்தால் அப்படி ஒன்றைத் திரும்பக் கட்ட முடியாது என்பதுதான் அவர்கள் வாதம். வேற்று மதத்தார் கட்டிய கட்டடத்துக்காகத் தங்கள் பிஷப்பையே எதிர்த்து நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வழக்கு ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியிடம் போயிற்று. அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கோர்டோபாவை அவர் பார்த்ததில்லை. பிஷப் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

1526-ல் அவர் நேரில் வந்து பார்த்து, எங்கும் காணக் கிடைக்கிற ஒன்றைக் கட்டுவதற்காக உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை அழித்துவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கர்ண பரம்பரை. அதை எல்லா வழிகாட்டிகளும் உருக்கமாகச் சொல்கிறார்கள். அதே வருஷம் சக்கரவர்த்தி கிரானடாவுக்குப் போய், அங்கே அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள்ளேயே தமக்கு ஒரு புது மாளிகை கட்ட உத்தரவிட்டதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

புதிய தேவாலயம் கட்டி முடிய 1607 ஆயிற்று. தாத்தா, மகன், பேரன் என்று ஒரே குடும்பத்துச் சிற்பிகள் மூன்று தலைமுறை அதில் பாடுபட்டார்கள். நடந்துகொண்டே போகிறபோது சட்டென்று கூரை ஆகாசத்துக்கு எழும்புகிறது. வெள்ளை வெளிச்சம் கொட்டுகிறது. தனியாக வேறொரு ஊரில் இருந்தால் அதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். இங்கே அது காட்டுக்கு நடுவில் மேளம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. நான் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் தூண்களிடம் திரும்பிவிட்டேன்.

ஆனால் நியாயம் ஒன்று சொல்ல வேண்டும். செவில் நகரிலும் பெரிய மசூதி இருந்தது. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டில் அடியோடு இடித்துவிட்டு உலகத்தின் மிகப் பெரிய தேவாலயங்களில் ஒன்றைக் கட்டினார்கள். மிஞ்சியது கோபுரமும் முற்றமும்தான். கோர்டோபாவில் வயிற்றில் குத்தினார்கள், உயிர் போகவில்லை. தேவாலயமாக்கியதால்தான் மற்ற பகுதி தப்பியது என்று பாதிரிமார் சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது.

மத்தியானம் சாப்பாடு. தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் இவற்றை அரைத்துக் குளிர வைத்துக் கிண்ணத்தில் தருகிற 'சால்மொரேகோ'தான் ஊரின் பிரசித்தமான பண்டம். விலையும் சகாயம். மாமிசம் சாப்பிடாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே பன்றித் தொடைக் கறியைப் பொடிப் பொடியாகத் தூவிக் கொடுத்துவிடுவார்கள். கறிகாய் என்று கேட்டால்கூட அதில் ஒரு துண்டு கிடக்கும். இந்தப் பன்றிக் கறிப் பிரியத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மதம் மாறிய யூதர்களும் முஸ்லிம்களும் மெய்யாகவே மாறினார்களா என்று மத விசாரணைச் சபை வேவு பார்த்த காலத்தில், பன்றிக் கறியைத் தொடாதவன் வீட்டு வாசலில் சேவகர்கள் வந்து நிற்பார்கள். அந்தச் சபை ஆற்றங்கரைக் கோட்டையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதே கோட்டையில்தான் 1486-ல் கொலம்பஸ், இந்தியாவுக்கு மேற்கு வழியாகக் கப்பல் விடப் பணம் கேட்டு ராணி இஸபெல்லாவைக் கண்டான். இந்தியா கிடைக்கவில்லை, கிண்ணத்தில் இருக்கிற தக்காளி கிடைத்தது.

யூதர்களின் பேட்டை மசூதிக்கு மேற்கே. கை இரண்டையும் நீட்டினால் இரு பக்கச் சுவரும் இடிக்கிற சந்துகள். அங்கே 1315-ல் கட்டிய சிறு ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 1492-ல் யூதர்களைத் தேசத்தை விட்டே துரத்திய பிறகு அது வெறிநாய்க் கடிக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரியாயிற்று. பிறகு செருப்புத் தைப்பவர்கள் சங்கத்தின் சந்நிதியாயிற்று. 1884-ல் சுவரின் காரை உதிர்ந்தபோது அடியிலிருந்து ஹீப்ரு எழுத்துக்கள் எட்டிப் பார்த்தன. நாலு நூற்றாண்டு அவை அங்கே மௌனமாக இருந்திருக்கின்றன.

பக்கத்துச் சதுக்கத்தில் மைமோனிடஸ் என்ற யூத ஞானியின் வெண்கலச் சிலை. அறிவு வரும் என்று நம்பி எல்லாரும் தொட்டுத் தொட்டு அவருடைய பாதரட்சை பளபளக்கிறது. இந்த ஊரில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, 1148-ல், ஆப்பிரிக்காவிலிருந்து அல்மோஹத் என்ற கடும் பற்றுள்ள முஸ்லிம்கள் வந்து ஊரைப் பிடித்தார்கள். குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று. அவர் கடைசியில் கெய்ரோவில் அரசாங்க வைத்தியராக இருந்து இறந்தார். அவர் காலத்தவரே இப்னு ருஷ்து, ஐரோப்பியர் அவெர்ரோயிஸ் என்று அழைக்கும் முஸ்லிம் தத்துவ ஞானி. அரிஸ்டாட்டிலுக்கு அவர் எழுதிய உரைகளைப் படித்துத்தான் பாரிஸ் சர்வகலாசாலை தர்க்கம் பேசக் கற்றது. அவரையும் 1195-ல் அதே அல்மோஹத் அரசு நாடு கடத்திப் புத்தகங்களைக் கொளுத்தியது. பிறகு மன்னித்தது. 1198-ல் மர்ராகேஷில் இறந்தார். உடலைக் கோர்டோபாவுக்குக் கொண்டு வந்தபோது, கோவேறு கழுதையின் ஒரு பக்கம் சவப் பெட்டியையும், பாரம் சமமாயிருக்க மறு பக்கம் அவர் எழுதிய புத்தகங்களையும் கட்டினார்கள். இதைக் கண்ணால் பார்த்த ஒரு ஞானி எழுதி வைத்திருக்கிறார்.

கோர்டோபாவில் மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று சுற்றுலாப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. சில அரசர்கள் காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பது மெய். 850-க்கும் 859-க்கும் இடையில் 48 கிறிஸ்தவர்களின் தலையை முஸ்லிம் அரசு வாங்கியதும், 1391-ல் கிறிஸ்தவர்கள் இந்த யூதப் பேட்டைக்குள் புகுந்து கொன்று குவித்ததும் மெய்யே. ஊருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டரில் மூன்றாம் அப்துல் ரஹ்மான் எழுப்பிய மதீனத் அல் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரம் இடிந்து கிடக்கிறது. நெடுங்காலம் அது வாழவில்லை. அதை அழித்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். 1010-ஐ ஒட்டி உள்நாட்டுக் கலகத்தில் முஸ்லிம் படைகளே கொள்ளையடித்துக் கொளுத்தின. 1911-லிருந்து தோண்டுகிறார்கள், இன்னும் பெரும் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. கையில் சுத்தமுள்ள கட்சி எது என்று கோர்டோபாவில் தேடினால் கிடைக்காது. 1523-ல் தமுக்கடித்த நகர மன்றத்தாரைத் தவிர எனக்கு வேறு யாரும் தென்படவில்லை.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதுதான் விசேஷம். இப்போது முப்பது யூரோவைப் பார்ப்போம்.

ஸ்பெயினில் 1946-ல், பிராங்கோவின் ஆட்சியில் செய்த ஒரு சட்டத்தின்படி, பத்திரம் இல்லாத ஒரு சொத்தைத் தங்களுடையது என்று பிஷப் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், பதிவு செய்துவிடுவார்கள். வழிபாட்டு ஸ்தலங்களுக்கு அது பொருந்தாது என்று இருந்ததை 1998-ல் திருத்தினார்கள். 2006-ல் கோர்டோபா திருச்சபை இந்த வழியில் பெரிய மசூதியைத் தன் பெயருக்குப் பதிவு செய்துகொண்டது. பதிவுக் கட்டணம் முப்பது யூரோ. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு நான் கொடுத்த வாடகைக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. 850-க்கு மேற்பட்ட தூண்கள், கான்ஸ்டாண்டிநோபிளின் பொற்சில்லுகள், நாரத்தை முற்றம் எல்லாம் அதில் அடக்கம்.

சில வருஷம் கழித்துத்தான் ஊராருக்கு விஷயம் எட்டிற்று. அதே சமயத்தில் நுழைவுச் சீட்டிலும் கைப்புத்தகத்திலும் 'மசூதி' என்ற சொல் மறைந்து 'தேவாலயம்' மட்டும் நின்றது. 1236-ல் அரசன் தானமாகக் கொடுத்தது, அன்று முதல் நாங்கள்தாம் பாதுகாத்து வருகிறோம் என்பது திருச்சபையின் பதில். லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு மறுப்பு அனுப்பினார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவு 2015-ல் ரத்தாயிற்று. முன்பு நடந்த பதிவுகள் ரத்தாகவில்லை. 2016-ல் கைப்புத்தகத்தில் பழைய பெயர் திரும்பி வந்தது. 2018-ல் நகர மன்றம் நியமித்த நிபுணர்கள், திருச்சபை ஒருநாளும் இதற்குச் சட்டப்படி சொந்தக்காரராக இருந்ததில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அதே நகர மன்றம், அதே பிஷப் ஆசனம்! முஸ்லிம்கள் உள்ளே தொழ இன்றும் அனுமதியில்லை. 2010-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சில இளைஞர்கள் மண்டியிட்டபோது காவலர்களோடு கைகலப்பே நடந்தது.

நான் சாப்பிட்ட கடையின் முதலாளியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், இதைப் பற்றிக் கேட்டேன். அவர் அறுபது வயதுக் கத்தோலிக்கர். கல்லாப் பெட்டிக்கு மேலே மாதாவின் படம் மாட்டியிருந்தார். துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஞானஸ்நானம் நடந்தது அங்கேதான், என் மகள் கல்யாணமும் அங்கேதான்" என்றார்.

"அங்கே என்றால், தேவாலயத்திலா?"

"மசூதியில்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக்குப் போனார்.

2025 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மன்சூர் கட்டிய பகுதியில், ஒரு சந்நிதிக்குள் நிறுத்தி வைத்திருந்த தரை பெருக்கும் இயந்திரத்திலிருந்து கிளம்பியதாகச் சொன்னார்கள். அந்தச் சந்நிதியின் கூரை விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் இரவோடிரவாக நெருப்பை அடக்கினார்கள். தூண்கள் நின்றன. மறுநாள் கதவைத் திறந்தார்கள்.